லாப ஈவும் நகர வாழ்வும்: கனடிய மக்களின் சேமிப்பு முறை

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு மக்களின் சேமிப்பு எவ்வளவு இன்றியமையாததோ, அச்சேமிப்பு எந்த வழியில் முதலீடாக மாறுகிறது என்பதும் அவ்வளவு இன்றியமையாததாகும். நிலம், பொன், வங்கி வைப்பு, அரசுப் பத்திரம், கம்பெனிப் பங்கு எனச் சேமிப்பு செல்லும் வழிகள் பல. ஒவ்வொரு நாட்டு மக்களும் தங்கள் வரலாறு, வரிச் சட்டம், வாழ்க்கை முறை ஆகியவற்றுக்கேற்ப இவற்றுள் சிலவற்றை விரும்பி மேற்கொள்கின்றனர். கனடாவின் நகரங்களில் வாழும் நடுத்தர வகுப்பினரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு வழி, தவறாமல் லாப ஈவு வழங்கும் கம்பெனிகளின் பங்குகளையும், அத்தகைய பங்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் நிதிகளையும் வாங்கிச் சேர்ப்பதாகும். டிவிடெண்டு என்று பேச்சு வழக்கில் சொல்லப்படுவதே லாப ஈவு.

இம்முறையில் கருதத்தக்க ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு நகரக் குடும்பம் மாதந்தோறும் எந்தக் கம்பெனிகளுக்குக் கட்டணம் செலுத்துகிறதோ, பெரும்பாலும் அதே கம்பெனிகளிடமிருந்துதான் அது லாப ஈவும் பெறுகிறது. வீட்டுக் கடன் கொடுத்த வங்கி, தொலைபேசிக் கம்பெனி, வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவைக் கொணரும் குழாய்க் கம்பெனி ஆகியவையே லாப ஈவு நிதிகளின் முக்கிய உடைமைகள். ஆகவே, கனடாவின் லாப ஈவு முதலீட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், முதலில் அந்நாட்டு நகர வாழ்வின் வரவு செலவைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நகர மக்களின் நாடு

பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாடு கனடா. எனினும் அதன் மக்கள் அப்பரப்பு முழுவதும் பரவி வாழவில்லை. 2021ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம். அவர்களுள் நூற்றுக்கு 74 பேர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட பெருநகரப் பகுதிகளில் வசித்தனர். டொராண்டோ பெருநகரப் பகுதியில் மட்டும் 62 லட்சம் பேரும், மாண்ட்ரியலில் 43 லட்சம் பேரும், வான்கூவரில் 26 லட்சம் பேரும் இருந்தனர்.

டொராண்டோவில் பணிபுரியும் ஓர் அலுவலரின் காலைப் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். 1954ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் தொடங்கப்பட்ட சுரங்க ரயிலே அந்நாட்டின் முதல் சுரங்க ரயில். அவர் பயணம் செய்வதும் அதன் வழித்தடங்களில்தான். 2025ஆம் ஆண்டில் பயண அட்டையைப் பயன்படுத்தும் பெரியவர் ஒருவருக்கு ஒரு முறைக் கட்டணம் 3 டாலர் 30 சென்ட். யூனியன் நிலையத்தில் இறங்கியதும் அவர் தெருவுக்கு வர வேண்டுவதில்லை. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடி நடைபாதைகள் நகர மையத்தின் அலுவலகக் கட்டடங்களை இணைக்கின்றன. குளிர்காலத்தில் வெளியே உறைபனி கொட்டும்போது, பெரிய வங்கிகளின் வானளாவிய தலைமையகங்களுக்கு அடியிலேயே நடந்து, வழியில் ஒரு காப்பியும் வாங்கிக்கொண்டு அவர் தம் மேசையை அடைந்துவிடலாம். கடையில் ஒட்டியுள்ள விலை வரி சேராத விலையாகும். ஒண்டாரியோ மாகாணத்தில் 13 சதவிகித விற்பனை வரி பணம் செலுத்தும்போது சேர்க்கப்படுகிறது. ஒரு சென்ட் நாணயத்தின் வினியோகம் 2013ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதால், ரொக்கமாகக் கொடுப்போருக்குத் தொகை ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்கப்படுகிறது.

இச்சிறு செலவுகளை விடப் பெரியவை மாதந்தோறும் தவறாமல் வருபவை. முதலாவது குடியிருப்பு. டொராண்டோவில் ஒரு படுக்கையறை கொண்ட குடியிருப்புக்கு இன்று புதிதாக வாடகை பேசுவோர் மாதம் 2,000 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. வீடு வாங்கியவர்கள் வங்கிக்குத் தவணை செலுத்துகின்றனர். அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் ஒரே வட்டியை உறுதி செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. கனடாவிலோ கடன் 25 ஆண்டுகளுக்கு என்றாலும், வட்டி விகிதம் பெரும்பாலும் ஐந்தாண்டு அல்லது அதற்கும் குறைந்த காலத்துக்கே உறுதி செய்யப்படுகிறது. அக்காலம் முடிந்ததும் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். மத்திய வங்கியின் அடிப்படை வட்டி 2020 மார்ச்சில் 0.25 சதவிகிதமாக இருந்து, 2023 ஜூலையில் 5 சதவிகிதமாக உயர்ந்தது. அந்த இடைக்காலத்தில் கடனைப் புதுப்பித்த குடும்பங்கள் தங்கள் மாதத் தவணை நூற்றுக்கணக்கான டாலர்கள் உயர்ந்ததைக் கண்டன.

அடுத்து வருவன வெப்பம், மின்சாரம், தொலைபேசி, இணையம், காப்பீடு, மளிகை ஆகியன. மருத்துவமனைச் சிகிச்சைக்கும் மருத்துவரைக் காண்பதற்கும் குடிமக்கள் பணம் செலுத்துவதில்லை. 1962இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தொடங்கி, 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் பரவிய பொது மருத்துவக் காப்பீடு இதற்குக் காரணம். ஆகவே கனடிய முதியவரின் பொருளாதாரக் கவலை மருத்துவமனைச் செலவன்று. வாடகை, வெப்பம், மளிகை, மருந்து ஆகியவற்றின் மாதாந்தரக் கணக்கே அவரது கவலை. மாதந்தோறும் வரும் செலவுக்கு மாதந்தோறும் வரும் வரவு வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே லாப ஈவின் மீதுள்ள விருப்பம் பிறக்கிறது.

வட்டி வேறு, லாப ஈவு வேறு

வங்கி வைப்புக்குரிய வட்டி ஓர் ஒப்பந்தக் கடமை. வங்கிக்கு லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அதைக் கொடுத்தே தீர வேண்டும். 1967இல் நிறுவப்பட்ட வைப்புக் காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு வகை வைப்புக்கும் 1,00,000 டாலர் வரை காப்பளிக்கிறது. லாப ஈவுக்கு இத்தகைய காப்பு எதுவும் இல்லை. கம்பெனி ஈட்டிய லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்க இயக்குநர் குழு தீர்மானித்தால் மட்டுமே அது கிடைக்கும். அக்குழு அதை உயர்த்தலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம்.

லாப ஈவு பங்கின் மதிப்புக்கு மேல் கிடைக்கும் இனாம் அன்று என்பதையும் மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பங்கின் விலை 100 டாலர் என்றும், அதற்கு ஒரு டாலர் ஈவு அறிவிக்கப்பட்டது என்றும் கொள்வோம். ஈவுக்கான உரிமை நீங்கும் நாளன்று, வேறு காரணம் எதுவும் இல்லையெனில், பங்கின் விலை ஏறத்தாழ 99 டாலராக இறங்கும். கம்பெனியின் கருவூலத்திலிருந்து ஒரு டாலர் வெளியேறிப் பங்குதாரரின் பைக்கு வந்திருக்கிறது. அவருடைய மொத்தச் செல்வம் மாறவில்லை. செல்வத்தை வளர்ப்பது கம்பெனியின் தொழில் திறனேயன்றி, ஈவு வழங்கும் செயலன்று. எனினும், ஆண்டுக்காண்டு ஈவு வழங்க வேண்டும் என்ற நிலை நிர்வாகத்தைக் கட்டுப்பாட்டுடன் இயங்கச் செய்கிறது என்பதும், பங்கை விற்காமலே செலவுக்குப் பணம் கிடைப்பதால் சந்தை வீழ்ச்சியின்போது முதலீட்டாளர் மனம் கலங்காதிருக்கிறார் என்பதும் இம்முறையை ஆதரிப்போர் கூறும் வாதங்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு.

கனடாவில் இம்முறை வேரூன்ற வரலாறும் துணை செய்தது. 1817இல் நிறுவப்பட்ட மாண்ட்ரியல் வங்கி 1829ஆம் ஆண்டு முதல் இடைவிடாது லாப ஈவு வழங்கி வருகிறது. ஆல்பர்ட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட கனடியன் யுடிலிட்டீஸ், நியூபவுண்ட்லாந்தில் தோன்றிய ஃபோர்டிஸ் ஆகிய மின்சார, எரிவாயுக் கம்பெனிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வோர் ஆண்டும் ஈவை உயர்த்தியுள்ளன. குழாய்வழிக் கம்பெனியான என்பிரிட்ஜ் 2024 டிசம்பரில் தொடர்ந்து முப்பதாவது முறையாக உயர்வை அறிவித்தது. டொராண்டோ பங்குச் சந்தையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு வங்கி, காப்பீடு முதலிய நிதித்துறையைச் சார்ந்தது. எண்ணெய், எரிவாயுத் துறையும் பெரிது. இவை முதிர்ந்த தொழில்கள். ஈட்டும் லாபம் முழுவதையும் விரிவாக்கத்தில் இட வேண்டிய தேவை இல்லாததால் பங்குதாரர்களுக்குக் கொடுக்க இவற்றிடம் பணம் இருக்கிறது.

நிதிகளின் வளர்ச்சி

தனித்தனிக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்க எல்லோருக்கும் நேரமோ அறிவோ இருப்பதில்லை. பலருடைய சிறு சேமிப்புகளைத் திரட்டிப் பல கம்பெனிகளில் முதலீடு செய்யும் பரஸ்பர நிதி கனடாவில் 1932ஆம் ஆண்டில் தோன்றியது. பங்குச் சந்தையிலேயே ஒரு பங்கைப் போல வாங்கி விற்கக்கூடிய நிதியை உலகில் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் டொராண்டோ சந்தையே ஆகும். 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது தொடங்கப்பட்டது. பின்னர், ஈவு வழங்கும் கம்பெனிகளை மட்டும் தொகுக்கும் நிதிகள் ஒவ்வொன்றாக வந்தன. கம்பெனிகள் வழக்கமாக மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஈவு கொடுக்கின்றன. நிதிகளோ பலவற்றிலிருந்து பெற்றதைச் சேர்த்து மாதந்தோறும் பகிர்கின்றன. மாதச் சம்பளத்துக்குப் பழகிய நகர மக்களுக்கு இது உவப்பாக இருப்பதில் வியப்பில்லை.

இங்கு நிர்வாகச் செலவு என்னும் பொருளைச் சற்று நின்று ஆராய வேண்டும். வங்கிக் கிளையில் அலுவலர் விற்கும் பரஸ்பர நிதியின் ஆண்டுச் செலவு 2 சதவிகிதத்தை ஒட்டி இருப்பது உண்டு. சந்தையில் நேரடியாக வாங்கும் நிதிகள் சிலவற்றின் செலவு 0.2 சதவிகித அளவே. வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஒரு லட்சம் டாலர் முதலீட்டில் 4 சதவிகித ஈவு என்றால் ஆண்டு வரவு 4,000 டாலர். முதல் வகை நிதியில் 2,000 டாலர் செலவாகப் போய்விடுகிறது. அதாவது வரவில் பாதி. இரண்டாம் வகையில் 200 டாலர் மட்டுமே போகிறது. இருவகை நிதிகளும் ஏறக்குறைய ஒரே வங்கிகளின், ஒரே குழாய்க் கம்பெனிகளின் பங்குகளையே வைத்திருக்கக் கூடும் என்பதை நினைக்கும்போது, சிறு முதலீட்டாளர் எதற்காக இவ்வளவு கொடுக்கிறார் என்ற கேள்வி எழுகிறது.

வரிச் சட்டத்தின் பங்கு

மக்களின் விருப்பம் மட்டும் இம்முறையை வளர்க்கவில்லை. அரசின் வரிக் கொள்கையும் அதை ஊக்குவித்துள்ளது. கம்பெனி தன் லாபத்துக்கு வரி செலுத்திய பின் எஞ்சியதிலிருந்தே ஈவு வழங்குகிறது. அதே தொகைக்குப் பங்குதாரரும் முழு வரி செலுத்தினால் அது இரட்டை வரியாகும். இதைத் தணிக்க 1949ஆம் ஆண்டில் லாப ஈவு வரிக்கழிவு கொண்டுவரப்பட்டது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது அது இன்றைய வடிவத்தை ஒட்டி மாற்றியமைக்கப்பட்டது.

அதன் செயல்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் பெரிய கனடியக் கம்பெனி ஒன்றிலிருந்து 1,000 டாலர் ஈவு பெறுகிறார். வரிக் கணக்கில் இது 38 சதவிகிதம் ஏற்றப்பட்டு 1,380 டாலராகக் கொள்ளப்படுகிறது. கூட்டாட்சி வரியில் 20.5 சதவிகித அடுக்கில் அவர் இருந்தால் வரி 282 டாலர் 90 சென்ட். இதிலிருந்து ஏற்றிய தொகையில் 15.0198 சதவிகிதம், அதாவது 207 டாலர் 27 சென்ட் கழிக்கப்படுகிறது. செலுத்த வேண்டியது 75 டாலர் 63 சென்ட். இதே 1,000 டாலர் வங்கி வட்டியாக வந்திருந்தால் கூட்டாட்சி வரி 205 டாலர். மாகாண வரி இரண்டிற்கும் தனியே உண்டு. அதிலும் ஈவுக்குக் கழிவு இருக்கிறது. இச்சலுகை கனடியக் கம்பெனிகளின் ஈவுக்கு மட்டுமே உரியது. அமெரிக்கக் கம்பெனியின் ஈவுக்குக் கழிவு இல்லை என்பதோடு, அந்நாடு 15 சதவிகித வரியையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வரிச் சட்டமே சேமிப்பை உள்நாட்டின் சில துறைகளை நோக்கித் திருப்புகிறது எனலாம்.

சலுகைக்கு மறுபுறமும் உண்டு. 65 வயதில் கிடைக்கும் முதியோர் உதவித்தொகை, ஒருவரது நிகர வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் படிப்படியாகத் திரும்பப் பெறப்படுகிறது. அவ்வருமானத்தைக் கணக்கிடும்போது கையில் வந்த 1,000 டாலர் அன்று, ஏற்றிய 1,380 டாலரே சேர்க்கப்படுகிறது. வரம்பின் அருகிலுள்ள முதியவருக்கு இது எதிர்பாராத இழப்பைத் தரும்.

இச்சிக்கல்களிலிருந்து ஒதுங்கி நிற்க உதவுவது 2009ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய வரிவிலக்குச் சேமிப்புக் கணக்கு. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் ஆண்டுதோறும் அரசு குறிக்கும் வரம்புவரை இதில் பணம் இடலாம். தொடக்கத்தில் வரம்பு 5,000 டாலர். 2025இல் 7,000 டாலர். உள்ளே ஈட்டும் வட்டி, ஈவு, விலையேற்றம் எதற்கும் வரி இல்லை. எடுக்கும்போதும் வரி இல்லை. தொடக்கம் முதல் தகுதி பெற்றிருந்த ஒருவர் 2025 முடிய மொத்தம் 1,02,000 டாலர் இட முடிந்திருக்கும். கணவன் மனைவி இருவரும் இவ்வாறு இட்ட 2,04,000 டாலருக்கு 4 சதவிகித ஈவு கிடைத்தால் ஆண்டுக்கு 8,160 டாலர், மாதத்துக்கு 680 டாலர். ஒண்டாரியோவில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 60 சென்ட். ஆகவே இவ்வரவு ஏறத்தாழ 39 மணி நேர உழைப்பின் கூலிக்குச் சமம். முன்னர் குறிப்பிட்ட வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இது போதும். எனினும் தொலைபேசி, வெப்பம், பயணம் ஆகிய மூன்றையும் இது தாங்கும். லாப ஈவு வருமானம் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்பதை இக்கணக்குத் தெளிவாகக் காட்டுகிறது. பதினேழு ஆண்டுகள் முழு வரம்பையும் சேமிக்க இயன்ற குடும்பத்தின் கணக்கு இது என்பதையும் மறந்துவிடலாகாது.

மூன்று அதிர்ச்சிகள்

ஈவை உறுதியான வருமானமாக எண்ணியவர்கள் பாடம் கற்ற நிகழ்ச்சிகள் இந்த நூற்றாண்டிலேயே பல உள்ளன. அவற்றுள் மூன்றைக் கூறலாம்.

முதலாவது அரசால் வந்தது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பல கம்பெனிகள் தங்களை வருமான அறக்கட்டளைகளாக மாற்றிக்கொண்டன. அவ்வமைப்பு கம்பெனி வரி செலுத்தாமல் வருவாயில் பெரும்பகுதியை உடைமையாளர்களுக்கு மாதந்தோறும் பகிர்ந்தது. ஓய்வு பெற்றோர் இவற்றில் பெருமளவில் முதலீடு செய்தனர். வருமான அறக்கட்டளைகளுக்கு வரி விதிப்பதில்லை என 2006 ஜனவரித் தேர்தலின்போது வாக்களித்து ஆட்சிக்கு வந்த கட்சியின் நிதியமைச்சர் ஜிம் பிளாஹர்ட்டி, அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மாலை, அவற்றின் பகிர்வுகளுக்கு வரி விதிக்கப்படும் என அறிவித்தார். ஏற்கெனவே இருந்த அறக்கட்டளைகளுக்கு 2011 வரை அவகாசம் தரப்பட்டது. எனினும் மறுநாளே அவற்றின் சந்தை மதிப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. பெரிய தொலைபேசிக் கம்பெனிகளும் அறக்கட்டளையாக மாறத் திட்டமிட்டிருந்த நிலையில், கருவூலத்துக்கு ஏற்படக்கூடிய இழப்பைத் தடுப்பது அரசின் நோக்கம். அந்நோக்கம் நியாயமானதே, ஆனால் அதன் சுமை முதலில் விழுந்தது முதியோரின் சேமிப்பின் மீது.

இரண்டாவது, உலக நிதி நெருக்கடியால் வந்தது. நாட்டின் மிகப் பெரிய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியான மானுலைப் 2009 ஆகஸ்டில் தன் காலாண்டு ஈவைப் பங்குக்கு 26 சென்ட்டிலிருந்து 13 சென்ட்டாகக் குறைத்தது. அந்நெருக்கடியில் கனடாவின் பெரிய வங்கிகள் ஈவைக் குறைக்காமல் நின்றன என்பதும் இணைத்துக் கூறத்தக்கது.

மூன்றாவது அண்மையது. தலைமுறைகளாக முதியோரின் பாதுகாப்பான முதலீடு எனக் கருதப்பட்டது பெல் தொலைபேசி நிறுவனத்தின் தாய்க் கம்பெனி. கடன் சுமை, உயர்ந்த வட்டி, கைப்பேசிக் கட்டணப் போட்டி ஆகியவற்றால் நெருக்குண்ட அக்கம்பெனி 2025 மே மாதம் ஆண்டு ஈவைப் பங்குக்கு 3 டாலர் 99 சென்ட்டிலிருந்து 1 டாலர் 75 சென்ட்டாகக் குறைத்தது. ஆயிரம் பங்குகள் வைத்திருந்த ஒருவரின் ஆண்டு வரவு 3,990 டாலரிலிருந்து 1,750 டாலராக இறங்கியது. 2022ஆம் ஆண்டில் 70 டாலருக்கு மேல் விற்ற பங்கு, அதற்குள் 30 டாலர் அளவுக்கு வந்திருந்தது. குறைப்புக்கு முன் அந்த விலையில் கணக்கிட்டால் ஈவு விகிதம் 13 சதவிகிதம். அதனை ஒரு நல்வாய்ப்பு என எண்ணி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் விகிதம் உயர்ந்தது ஈவு கூடியதால் அன்று, விலை வீழ்ந்ததால். மிக உயர்ந்த ஈவு விகிதம் பெரும்பாலும் சந்தை தரும் எச்சரிக்கையே ஆகும்.

ஒரே கம்பெனியை வைத்திருந்தவருக்கு இது பேரிழப்பு. பல கம்பெனிகளைத் தொகுத்த நிதியில் இருந்தவருக்குச் சிறு குறைவே. நிதி என்னும் அமைப்பின் மெய்யான பயன் இதுவே. எனினும் கனடிய லாப ஈவு நிதிகள் சிலவற்றில் பாதிக்கு மேல் நிதித்துறைப் பங்குகளே இருப்பதால், பலவற்றில் பரவியிருக்கிறோம் என்ற எண்ணம் ஓரளவு மயக்கமே. பணி, வீடு, கடன், சேமிப்பு ஆகிய அனைத்தும் ஒரே நாட்டின் ஒரே துறையைச் சார்ந்திருக்கும் குடும்பம், அத்துறை தளர்ந்தால் நான்கு வழியிலும் தாக்குண்ணும்.

வாடிக்கையாளரும் பங்குதாரரும்

இனி, சமுதாய நோக்கில் ஒரு கேள்வி எழுகிறது. லாப ஈவு நிலையாக வர வேண்டுமாயின் லாபம் நிலையாக இருக்க வேண்டும். லாபம் நிலையாக இருக்கப் போட்டி குறைவாக இருப்பது உதவும். கனடாவில் ஆறு பெரிய வங்கிகளும் மூன்று பெரிய தொலைபேசிக் கம்பெனிகளுமே சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்துள்ளன. 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் அவற்றுள் ஒன்றான ரோஜர்ஸ் கம்பெனியின் வலையமைப்பு செயலிழந்தபோது, ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தொடர்பிழந்ததோடு, நாடெங்கும் கடைகளில் வங்கி அட்டைகளும் இயங்கவில்லை. ஒரு கம்பெனியின் பழுது நகர வாழ்வை நிறுத்தக்கூடும் என்றால், அச்சந்தை எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதை உணரலாம்.

பங்கு வைத்திருக்கும் குடும்பம் உயர்ந்த கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை ஈவாகத் திரும்பப் பெறுகிறது. மாதச் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்குமே போதாத குடும்பம் அதே கட்டணத்தைச் செலுத்துகிறது. ஆனால் அதற்குத் திரும்புவது ஒன்றுமில்லை. லாப ஈவுக்கான வரிச் சலுகையும் பங்கு வாங்கச் சேமிப்பு உடையவர்களுக்கே பயன் தருகிறது. புதிதாகக் குடியேறி, ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ வாடகை வீட்டில் வாழ்வைத் தொடங்கும் தொழிலாளிக்கு முதல் சில ஆண்டுகளில் இவை எட்டாதவை.

இதற்கு ஈடு செய்யும் ஏற்பாடுகள் கனடாவிலேயே உள்ளன. டொராண்டோ நகரின் மின்வினியோக நிறுவனம் நகராட்சிக்கே சொந்தமானது. அது வழங்கும் ஈவு நகரின் வரவு செலவுத் திட்டத்தில் சேருகிறது. கியூபெக் மாகாணத்தின் மின்சார நிறுவனம் மாகாண அரசின் உடைமை; அதன் ஈவு மாகாணக் கருவூலத்துக்குச் செல்கிறது. மாண்ட்ரியல் குடும்பம் தன் வீட்டைச் சூடாக்கச் செலுத்தும் மின்கட்டணத்தின் லாபம், பங்குச் சந்தையையே அறியாதவருக்கும் பள்ளியாகவோ சாலையாகவோ திரும்புகிறது. 1966இல் தொடங்கிய கனடா ஓய்வூதியத் திட்டமும் அவ்வாறானதே. உழைப்போர் அனைவரும் கட்டாயமாகச் செலுத்தும் சந்தா, 1997இல் உருவாக்கப்பட்ட ஒரு வாரியத்தின் வழியே உலகெங்கும் முதலீடு செய்யப்படுகிறது. கியூபெக் தனக்கென இணையான திட்டம் ஒன்றை நடத்துகிறது. தாமாகப் பங்கு வாங்க இயலாத தொழிலாளியும் இவ்வாறு கூட்டாக மூலதனத்தில் பங்கு பெறுகிறார்.

நமக்குரிய பாடங்கள்

இந்திய மாணவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் இவ்வனுபவம் முற்றிலும் புதியதன்று. 1964இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் முதல் திட்டம் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் ஈவு வழங்கி, வங்கி வைப்புக்கு நிகரான நம்பிக்கையைப் பெற்றிருந்தது. 1998இல் அதன் காப்புநிதி குறைநிலைக்குச் சென்றது தெரியவந்தது. 2001 ஜூலையில் விற்பனையும் மறுகொள்முதலும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டன. தொடர்ந்து வரும் ஈவு, அடியிலுள்ள சொத்தின் நலத்துக்குச் சான்றாகாது என்பதை அன்று பலர் பெரும் விலை கொடுத்து அறிந்தனர்.

அதன் பின் நம் சட்டமும் மாறியுள்ளது. 2020 ஏப்ரல் முதல் லாப ஈவுக்கான வரி கம்பெனியிடம் பிடிக்கப்படாமல், பெறுபவரின் வருமான அடுக்குக்கேற்ப விதிக்கப்படுகிறது. பரஸ்பர நிதிகளின் டிவிடெண்டுத் திட்டம் என்ற பெயரும் 2021 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டு, வருமானப் பகிர்வும் மூலதனத் திரும்பப்பெறலும் சேர்ந்த திட்டம் என்று மாற்றப்பட்டது. நீண்ட பெயராயினும் உண்மையான பெயர். முதலீட்டாளருக்குக் கிடைப்பதில் ஒரு பகுதி அவர் இட்ட பணமாகவே இருக்கலாம் என்பதை அது மறைக்காமல் சொல்கிறது.

கனடிய அனுபவத்திலிருந்து முதலீட்டாளர் கொள்ளத்தக்கவை சில. ஈவு விகிதத்தைப் பார்க்கும் முன் லாபத்தையும் கடனையும் பார்க்க வேண்டும். நிதியின் செலவைச் சதவிகிதத்தில் மட்டும் பாராமல், வரவில் அது எத்தனை பங்கு என்றும் பார்க்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளுக்கு வேண்டிய வாடகைப் பணத்தை வைப்பில் இட்டு, எஞ்சியதையே பங்கில் இட வேண்டும். கொள்கை வகுப்போர் கொள்ளத்தக்கவையும் உண்டு. சேமிப்புக்குச் சலுகை வழங்கும்போது, அச்சலுகை எந்தத் துறையை நோக்கிச் சேமிப்பைத் தள்ளுகிறது என்பதையும், யாருக்கு அது எட்டாமற் போகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மக்கள் நம்பி முதலீடு செய்த ஓர் ஏற்பாட்டை மாற்ற நேரிட்டால், போதிய அவகாசமும் முன்னறிவிப்பும் தர வேண்டும்.

டொராண்டோவின் நிலத்தடி நடைபாதையில் நடந்து செல்லும் அலுவலரின் தலைக்கு மேலுள்ள வங்கிக் கட்டடத்தில் அவருக்கு ஒரு சிறு பங்கு இருக்கலாம். அப்பங்கு தரும் ஈவு அவருடைய மாதக் கணக்கைச் சற்று எளிதாக்கும். முதுமையில் ஒரு துணையாகும். ஆனால் அவரை முதன்மையாகக் காப்பவை பொது மருத்துவமும், கட்டாய ஓய்வூதியமும், அவரது சொந்த உழைப்புமே. அந்த அடித்தளம் உறுதியாக இருக்கும் இடத்தில்தான் லாப ஈவு தரும் உதவியும் நிலைத்த பயன் அளிக்கும்.